தட்டில் பாதி பூனைக்கு

அமெரிக்காவில் தனியாக வாழும் முதியவர்களுக்கு வீடு தேடிப்போய்ச் சமைத்த சாப்பாடு கொடுக்கும் அமைப்பு ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’. ஊர் ஊராகத் தொண்டர்கள் பொட்டலத்தோடு கதவைத் தட்டுவார்கள். இரண்டு வார்த்தை பேசுவார்கள். அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்கள். அப்படிப் போனவர்கள் பல வீடுகளில் ஒரே காட்சியைக் கண்டார்கள். பெரியவர் பொட்டலத்தைப் பிரிக்கிறார். காலடியில் பூனை வந்து நிற்கிறது. கறித்துண்டு பூனைக்குப் போகிறது. மிஞ்சிய கிழங்கும் ரொட்டியும்தான் பெரியவருக்கு. அவர் உடம்புக்கு என்று கணக்குப் பார்த்துக் கட்டிய புரதத்தில் பாதி வேறொரு வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெரியவரிடம் “பூனைக்குக் கொடுக்காதீர்கள்” என்று சொல்லிப் பயனில்லை. வீட்டில் அவரோடு இருக்கும் ஒரே உயிர் அது. அந்த அமைப்பின் கிளைகள் வேறு வழி கண்டன. மனிதருக்கான பொட்டலத்தோடு நாய்க்கும் பூனைக்கும் தீனிப் பையைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின. பூனைக்குத் தீனி வந்தது. பெரியவர் தன் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டார்.

சமூகப் பணியில் ஒரு துறை மெல்ல உருவாகி வருவதன் காரணம் முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் இருக்கிறது. வீட்டிலுள்ள பிராணியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த வீட்டு மனிதரின் நிலையும் சரியாகப் புரியாது. இது மென்மனம் படைத்தவர்களின் உணர்ச்சிப் பேச்சு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கிராமத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. “மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை, ராத்தங்க முடியாது” என்று கல்யாண வீட்டிலிருந்து பந்தி முடிந்த கையோடு கிளம்பிப் போகிறவர்களை யாரும் கேலி செய்ததில்லை. பிராணியை வைத்திருப்பவர் எடுக்கும் முடிவுகளில் அந்தப் பிராணிக்கும் பங்கு உண்டு. வெள்ளம் வரும்போதும் அப்படித்தான், அடிக்கும் கணவனை விட்டு ஓட நினைக்கும்போதும் அப்படித்தான், மருத்துவமனையில் சேரச் சொல்லும்போதும் அப்படித்தான்.

இந்தப் பிணைப்பு உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஜப்பானில் ஒரு குழு ஆராய்ந்தது. அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகசாவா, தகேஃபூமி கிகுசூயி முதலானோரின் ஆய்வு 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. நாயையும் அதை வளர்ப்பவரையும் அரைமணி நேரம் ஓர் அறையில் விட்டார்கள். முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரிலும் ஆக்சிடாசின் அளவைப் பார்த்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயின் உடம்பில் ஊறும் ஹார்மோன் அது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பாசத்தை அது உறுதியாக்குகிறது. வளர்ப்பவரின் கண்களை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாய்களின் ஜோடிகளில் மனிதர், நாய் இருவருக்குமே ஆக்சிடாசின் கூடியிருந்தது. கையால் பால் ஊட்டி வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. அவை மனிதரின் கண்ணை அவ்வளவாகப் பார்ப்பதே இல்லை. அடுத்த கட்டமாக நாயின் மூக்கில் ஆக்சிடாசினைத் தெளித்துப் பார்த்தார்கள். பெண் நாய்கள் கூடுதல் நேரம் பார்த்தன. மருந்தே தொடாத மனிதரின் உடம்பிலும் ஆக்சிடாசின் ஏறியது. தாயும் குழந்தையும் பயன்படுத்தும் அதே வழியை நாய் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. “பிள்ளை மாதிரி வளர்த்தேன்” என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிடப் புகழ்பெற்றது 1980-இல் எரிகா ஃப்ரீட்மன் வெளியிட்ட ஆய்வு. இதய நோயால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை அவர் ஓராண்டு பின்தொடர்ந்தார். பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. நாய் வளர்த்தால் மாரடைப்பு வராது என்கிற அளவுக்குச் செய்தி ஊதிப் பெருத்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு ஒத்துழைக்கவில்லை. சிட்னியில் 424 இதய நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த முடிவு நேர்மாறாக இருந்தது: பிராணி வைத்திருந்தவர்கள், அதிலும் பூனை வைத்திருந்தவர்கள், ஓராண்டுக்குள் இறப்பதற்கோ மறுபடி மருத்துவமனைக்கு வருவதற்கோ வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நாயும் பூனையும் மருந்து என்ற பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மருந்தாக இருந்தால்தான் மதிப்போம் என்பது பெற்ற பிள்ளையையும் ரத்த அழுத்தக் கருவி வைத்து அளப்பது போன்றது. சமூகப் பணியாளருக்கு வேண்டிய உண்மை வேறு. பிணைப்பு இருக்கிறது, அது மனிதர்களின் முடிவுகளை மாற்றுகிறது. இதற்கு ஆதாரம் ஏராளம்.

பெரிய ஆதாரம் தண்ணீரோடு வந்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்தன. ‘சூப்பர்டோம்’ விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி வெளியூர் அனுப்பினார்கள். பிராணிகளை ஏற்றக் கூடாது என்பது உத்தரவு. வரிசையில் நின்ற ஒரு சிறுவனின் கையிலிருந்து அவனுடைய சின்ன வெள்ளை நாயை ஒரு காவலர் வாங்கிக்கொண்டார். நாயின் பெயர் ஸ்நோபால். பையன் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தி, அழுது, அழுகையிலேயே வாந்தி எடுத்தான். செய்தி நிறுவனம் ஒன்று இதைச் சில வரிகளில் எழுதியது. அந்தச் சில வரிகளை நாடே படித்தது.

பையனாவது பேருந்தில் ஏறினான். ஏறாமல் வீட்டிலேயே நின்றவர்களின் கணக்குப் பிறகு வந்தது. ஃப்ரிட்ஸ் நிறுவனம் 2006-இல் நடத்திய கருத்தாய்வில், புயலுக்கு முன் வெளியேறாமல் தங்கியவர்களில் 44 சதவீதம் பேர், பிராணிகளை விட்டுப் போக மனம் வராததும் ஒரு காரணம் என்றார்கள். கூரை வரை தண்ணீர் ஏறிய ஊரில் இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. படகில் வந்து மீட்பவர் “நாய் வேண்டாம், நீங்கள் மட்டும்” என்று சொன்னால் சிலர் கதவை மூடிக்கொள்வார்கள். மீட்புப் படை பின்னர் அதே கதவுக்கு மறுபடி வர நேரும். 2006 அக்டோபரில் அமெரிக்கா ‘பெட்ஸ்’ சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்தியப் பேரிடர் நிதி வேண்டும் என்றால் மாநிலங்களும் நகரங்களும் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளுக்கும் இடம் வைக்க வேண்டும்.

ஜப்பானுக்கு அதே பாடம் 2011-இல் வந்தது. ஃபுகுஷிமா அணு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள், இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் நாய்களைக் கட்டியபடியும் பூனைகளை வீட்டுக்குள் பூட்டியபடியும் கிளம்பினார்கள். திரும்ப முடியவில்லை. 2013-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பேரிடரில் மனிதரும் பிராணியும் சேர்ந்தே வெளியேற வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டது.

வெள்ளத்தையும் அணுக்கதிரையும் நாலு பேர் பார்ப்பார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

குடும்ப வன்முறையில் நாய்க்கும் பூனைக்கும் என்ன வேலை என்று 1998-இல் ஃப்ராங்க் அசியோன் கேட்டார். யூட்டா மாநிலத்தில் பெண்கள் காப்பகத்தில் தஞ்சம் அடைந்த 38 பெண்களிடம் அவர் விசாரித்தார். பிராணி வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேர், கணவனோ துணைவனோ அந்தப் பிராணியைத் துன்புறுத்துவதாக மிரட்டினான் அல்லது துன்புறுத்தினான், சில இடங்களில் கொன்றே போட்டான் என்றார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி, பிராணியை நினைத்தே காப்பகத்துக்கு வருவதைத் தள்ளிப் போட்டதாகச் சொன்னார். 38 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு பல இடங்களில் கேட்டபோதும் விடை இதே திசையில்தான் வந்தது. 2021-இல் அமெரிக்காவின் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண்ணும் நியூயார்க்கின் ‘அர்பன் ரிசோர்ஸ் இன்ஸ்டிட்யூட்’ அமைப்பும் சேர்ந்து எடுத்த கருத்தாய்வில், பதில் சொன்னவர்களில் பாதிப்பேர், பிராணியைக் கூட்டிப்போக முடியாவிட்டால் காப்பகத்துக்குப் போவதைப் பற்றி யோசிக்கவே மாட்டோம் என்றார்கள்.

அடிப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவளை அடித்தால் காயம் வெளியில் தெரியும், போலீஸ் வரும். பூனையின் கழுத்தைப் பிடித்து “நீ வாசல் தாண்டினால் இது இருக்காது” என்றால் போதும், சுவடே இருக்காது. கயிறு அவள் காலில் இல்லை, பூனையின் கழுத்தில் இருக்கிறது. அவள் எங்கும் போக முடியாது. இந்த வீட்டில் குழந்தை இருந்தால் அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும். நேசிப்பதைக் காட்டிக்கொண்டால் அதற்கு ஆபத்து என்பதை அது அங்கே கற்றுக்கொள்கிறது.

இத்தகைய வீட்டிலிருந்து ஒருத்தியை வெளியே கொண்டுவரும் சமூகப் பணியாளருக்குப் பிராணியைப் பற்றிய நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவர் கொடுத்த ரசீதும் யார் பெயரில் இருக்கின்றன? நாயின் தோலுக்கடியில் உள்ள சில்லில் யாருடைய தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறது? கிளம்புவதற்கு முன்பே இவற்றை அவள் பெயருக்கு மாற்றிவிட்டால், “என் நாயைத் திருடிக்கொண்டு போய்விட்டாள்” என்று அவன் காவல் நிலையம் ஏறும்போது கையில் ஆதாரம் இருக்கும். பழைய கால்நடை மருத்துவமனைக்கே மறுபடி போகக் கூடாது. அங்கே காத்திருந்து பிடிப்பது சுலபம். கழுத்துப் பட்டையில் பழைய முகவரி தொங்கக் கூடாது. அவசரப் பையில் சான்றிதழ்களோடு தீனி, மருந்து, கயிறு, பூனைக்கூடை எல்லாம் அவன் கண்ணில் படாத இடத்தில் தயாராக இருக்க வேண்டும். இப்படிப் பட்டியலிட்டு வேலை பார்க்காவிட்டால் “வெளியே வாருங்கள்” என்பது வாய்ச்சொல்லோடு நின்றுவிடும்.

பிரிட்டனில் ‘டாக்ஸ் டிரஸ்ட்’ அமைப்பு 2004-இல் ‘ஃப்ரீடம் ப்ராஜெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அவள் காப்பகத்தில் இருக்கும் வரை நாயை ஒரு தன்னார்வக் குடும்பம் வளர்க்கும். யார் வளர்க்கிறார்கள், எந்த ஊர் என்பது அவளுக்குக்கூடத் தெரியாது. மிரட்டிக் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாதபடி செய்த ஏற்பாடு அது. தீனிச் செலவும் மருத்துவச் செலவும் அமைப்பினுடையவை. நாய் எப்படி இருக்கிறது என்ற தகவல் திட்டப் பணியாளர் வழியாக அவளுக்குப் போய்க்கொண்டிருக்கும். நியூயார்க்கின் ‘அர்பன் ரிசோர்ஸ் இன்ஸ்டிட்யூட்’ 2013-இல் ஒரு படி மேலே போனது. பிரித்து வைக்காமல், பெண்ணும் பிள்ளைகளும் பிராணியும் சேர்ந்தே தங்கும் ஏற்பாட்டை அது தன் காப்பகத்தில் தொடங்கியது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம்தான் முதலில், 2006-இல், நீதிமன்றம் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவில் பிராணியையும் சேர்க்கலாம் என்று சட்டம் செய்தது. பிராணியோடு தஞ்சம் தேடி வருபவர்களுக்கு இடம் அமைக்க 2018-இல் கூட்டாட்சிச் சட்டமே நிதிக்கு வழி வகுத்தது. இந்தியாவிலும் ஓர் உத்தரவு கவனிக்கத் தக்கது. 2023-இல் மும்பை பாந்த்ரா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒரு ஜீவனாம்ச வழக்கு வந்தது. மனைவியிடம் மூன்று ராட்வைலர் நாய்கள் இருந்தன. நாய்ச் செலவையெல்லாம் ஜீவனாம்சத்தில் சேர்க்க முடியாது என்றது கணவர் தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. பிராணிகளும் கண்ணியமான வாழ்க்கையின் பகுதி, முறிந்த உறவுகள் விட்டுச்செல்லும் வெறுமையை அவை நிரப்புகின்றன என்ற கருத்தில் மாதம் 50,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் வழங்க உத்தரவிட்டது. அந்தச் சட்டத்தில் நாய் என்ற சொல்லே கிடையாது. நாயோடு வாழும் ஒரு மனுஷியை நீதிமன்றம் முழுதாகப் பார்த்தது, அவ்வளவுதான்.

பிராணியையும் குழந்தையையும் காக்கும் வேலைகள் தொடக்கத்தில் இவ்வளவு விலகியிருக்கவில்லை. 1874-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் ஊழியம் செய்துவந்த எட்டா வீலர் என்ற பெண், மேரி எல்லன் என்ற பத்து வயதுச் சிறுமியைக் கண்டுபிடித்தார். வளர்ப்புத் தாய் அவளைத் தினமும் சாட்டையால் அடித்து அறையில் பூட்டி வைத்திருந்தாள். காவல் துறையிடம் போனார், தர்ம ஸ்தாபனங்களிடம் போனார். ஒருவரும் தலையிடத் தயாராக இல்லை. கடைசியில் அவர் போய் நின்ற இடம், பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை 1866-இல் தொடங்கிய ஹென்றி பெர்கின் வாசல். சிறுமியும் ஒரு பிராணிதான் என்று பெர்க் வாதாடினார் என ஒரு கதை உலவுகிறது, அது கட்டுக்கதை. ஆட்கொணர்வு மனுவைப் போன்ற ஒரு சட்ட வழியை அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி கண்டெடுத்தார். சிறுமி நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னாள். முகத்தில் கத்தரிக்கோல் கிழித்த காயம் இருந்தது. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறை. அந்த ஆண்டு முடிவதற்குள் பெர்க்கும் கெர்ரியும் குழந்தைவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த வகையில் உலகில் அதுதான் முதல் அமைப்பு. மேரி எல்லன் 1956 வரை, 92 வயது வரை வாழ்ந்தார். ஒரு குழந்தைக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் குதிரைக்கும் நாய்க்கும் பரிந்து பேசியவர்கள் என்பதைச் சமூகப் பணிக் கல்லூரிகள் இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

பிரிந்துபோன இந்த இரு வேலைகளையும் மறுபடி ஒட்டவைக்கும் முயற்சியாக, டென்னசி மாநிலம் நாக்ஸ்வில் நகரில் 2002-இல் ‘கால்நடை மருத்துவச் சமூகப் பணி’ என்ற பெயரிலேயே ஒரு படிப்பு பிறந்தது. டென்னசி பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் சமூகப் பணிக் கல்லூரியையும் இணைத்து அதை உருவாக்கியவர் எலிசபெத் ஸ்ட்ராண்ட். பிராணியை இழந்த துக்கம், பிராணிகளின் துணையோடு செய்யும் சிகிச்சை, மனித வன்முறைக்கும் பிராணிவதைக்கும் உள்ள தொடர்பு, பிராணிகளுக்காக உழைப்பவர்களின் மனநலம் ஆகிய நான்கையும் அது கவனிக்கிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1982-இல், நியூயார்க்கின் ‘அனிமல் மெடிக்கல் சென்டர்’ மருத்துவமனையில் சூசன் கோஹன் என்ற சமூகப் பணியாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாய்களைப் பார்க்க அவரை அமர்த்தவில்லை. நாய்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்க அமர்த்தினார்கள்.

இத்தகைய சமூகப் பணியாளர்கள் செய்யும் வேலையில் கடினமானது, நோய் முற்றிய பிராணியைக் கருணைக்கொலை செய்யும் அறையில் நடப்பது. முடிவெடுப்பதிலேயே குடும்பம் இரண்டுபட்டுவிடும். அப்பா “போதும், கஷ்டப்படுத்தாதீர்கள்” என்பார். மகள் “இன்னும் வாலை ஆட்டுகிறது” என்பாள். சமூகப் பணியாளர் அங்கே ஒரு தாளை எடுத்து வைப்பார். கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபாஸ் 2004-இல் உருவாக்கிய அளவுகோல் அது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், மோசமான நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்ற ஏழுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் இன்னும் பார்த்துக்கொள்ளலாம். இறங்கிக்கொண்டே போனால் யோசிக்க வேண்டும். எண் முடிவு செய்வதில்லை. அப்பாவும் மகளும் ஒரே தாளைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்கள்.

அறைக்குள் போவதற்கு முன் நடக்கப் போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்கள். முதல் ஊசி தூக்கத்துக்கு. இரண்டாவது பென்டோபார்பிடல், ஓரிரு நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, திறந்தே இருக்கும். உயிர் போன பிறகும் ஒரு மூச்சு இழுப்பதுபோல் உடம்பு அசையலாம், சிறுநீர் கழியலாம். அது வலியால் வருவதில்லை. இதை முன்கூட்டியே கேட்காதவர்கள் அந்தக் கடைசி மூச்சையே ஆண்டுக்கணக்கில் நினைத்துக் கலங்குவார்கள். உள்ளங்காலை மெத்தென்ற களிமண்ணில் அழுத்தி ஒரு தடம் எடுத்துத் தருவார்கள். காதோரம் கொஞ்சம் முடி கத்தரித்துத் தருவார்கள். பிள்ளைகளிடம் “தூங்க வைத்துவிட்டோம்” என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் அன்றிரவு குழந்தை படுக்கைக்குப் போகப் பயப்படும். இறந்துவிட்டது, இனி வராது, நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை என்று நேராகச் சொல்வதே பிள்ளைக்கு ஆறுதல்.

பிறகு அவர்கள் வெறும் பட்டையும் கயிறுமாக வீட்டுக்குப் போவார்கள். மனிதர் இறந்தால் வாசலில் செருப்புகள் நிறையும். பதினாறு நாள் வரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். நாய் இறந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. அலுவலகத்தில் விடுப்புக் கேட்க நாக்கு எழாது. “இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே” என்பார்கள், நல்ல மனதோடுதான். ஊர் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்துக்கு அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்று பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்தார். அழ இடமில்லாத துக்கம் ஆறுவதற்கு நாளாகும். நாக்ஸ்வில் போன்ற இடங்களில் இதற்காகவே உதவிக் குழுக்கள் கூடுகின்றன. அங்கே பன்னிரண்டு வருடம் கூட இருந்த பூனையைப் பற்றி ஒருவர் பேசினால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

மேசையின் மறுபக்கத்தில் நிற்பவரையும் மறக்கக் கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 1979 முதல் 2015 வரையிலான கால்நடை மருத்துவர்களின் இறப்புப் பதிவுகளைப் பார்த்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலை பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கும் ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்கும் இருந்தது. ஒரே நாளில் ஒரு நாயைப் பிழைக்க வைத்து, இன்னொன்றை முடித்து வைத்து, மூன்றாவதைக் குணப்படுத்தத் தெரிந்தும் வளர்ப்பவரிடம் பணம் இல்லாததால் கைவிட்டு நிற்கும் தொழில் அது. மூன்றாவதுதான் அவர்களை அரிக்கிறது. டென்னசி பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிராணி வளர்க்கும் வீடுகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் இரண்டாண்டுக்குள் ஒரு முறையாவது தேவையான சிகிச்சையைப் பெற முடியாமல் போனதாகச் சொன்னது, பெரும்பாலும் பணத்தால். அந்த அறையில் ஒரு சமூகப் பணியாளர் இருந்தால் எந்த அறக்கட்டளை உதவும், தவணை எப்படிக் கட்டலாம், அந்தக் குடும்பத்துக்கே வேறென்ன நெருக்கடி என்று கேட்டுப் பார்ப்பார். மருத்துவர் மருத்துவம் மட்டும் பார்க்கலாம்.

பணமே இல்லாதவர்கள் பிராணி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் நாயோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் வரும் கேள்வி அது. கொலராடோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் லெஸ்லி இர்வின், வீடற்று நாயோடும் பூனையோடும் வாழும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி 2013-இல் ஒரு நூல் எழுதினார். நாய் எப்போதும் தனக்கு முன்பே சாப்பிடும் என்பதே அந்த நூலின் தலைப்பு. நாயைப் பார்த்துக்கொள்வதற்காகவே போதையை விட்டவர்கள், சிறைக்குப் போய்விடக் கூடாது என்று வம்பை விட்டு விலகி நடந்தவர்கள் அதில் வருகிறார்கள். ஆனால் இரவுத் தங்குமிடங்களின் கதவில் ‘பிராணிகளுக்கு அனுமதியில்லை’ என்று எழுதியிருக்கும். அவர் நாயை விட மாட்டார். கொட்டும் பனியில் வெளியே படுப்பார். பதிவேட்டில் ‘தங்க மறுத்தார்’ என்று ஏறும். மறுத்தது யார் என்று நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. பிரிட்டனில் ஜேட் ஸ்டாட், சாம் ஜோசப் என்ற இரு கால்நடை மருத்துவர்கள் 2016-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரீட்வெட்’ அமைப்பு, முதுகுப்பையில் மருந்தோடு தெருவுக்கே போய் இலவசமாக வைத்தியம் பார்க்கிறது. பிராணியோடு வருபவரை ஏற்கும்படி தங்குமிடங்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது.

எல்லாப் பிணைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றிவிட முடியாது. காப்பகத்தில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கும். நாயென்றாலே நடுங்குகிறவர் பக்கத்து அறையில் இருப்பார். வளர்ப்பவர் அன்பாகவே இருந்தும் பிராணி பட்டினி கிடக்கலாம். வீடு முழுக்க நாற்பது ஐம்பது பூனைகளைச் சேர்த்து, மலத்துக்கு நடுவே வாழ்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் காப்பாற்றுவதாக மெய்யாகவே நம்பும் மனநிலை ஒன்று உண்டு. அதிகாரிகள் வந்து பூனைகளை அள்ளிப்போனால் வீடு சுத்தமாகும். மனிதருக்கு உதவி கிடைக்காவிட்டால் சில மாதத்தில் பூனைகள் மறுபடி சேரத் தொடங்கும். பிராணியின் நலனும் மனிதரின் நலனும் இங்கே எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, கால்நடை மருத்துவரும் மனநலப் பணியாளரும் சேர்ந்து போனால்தான் முடிச்சு அவிழும்.

முதுமையில் இது இன்னும் மென்மையாக வருகிறது. பிரிட்டனின் கார்ன்வாலில் 1985-இல் தொடங்கிய ‘சின்னமன் டிரஸ்ட்’ அமைப்புக்கு நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாத பாட்டியின் நாயை ஒருவர் காலையில் நடத்திக் கூட்டிப்போவார். தாத்தாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை என்றால் அத்தனை நாளும் பூனையை இன்னொருவர் வீட்டில் வைத்திருப்பார். வளர்ப்பவர் இறந்த பிறகு பிராணிக்கு யார் என்ற கேள்விக்கும் அவர் உயிரோடிருக்கும்போதே எழுத்தில் பதில் கொடுத்துவிடுகிறது அந்த அமைப்பு. மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரியவர், அந்த ஏற்பாடு உறுதியானதும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

இத்தனைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா ரிஸ்லி-கர்டிஸ் அமெரிக்கா முழுவதும் சமூகப் பணியாளர்களிடம் விசாரித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சந்திப்பில் பிராணிகளைப் பற்றிக் கேட்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். கேட்காததற்குக் காரணம் இரக்கமின்மை இல்லை. படிவத்தில் கட்டம் இல்லை. படிப்பில் பாடம் இல்லை. கணவன் பெயர், பிள்ளைகள் எத்தனை, வருமானம் எவ்வளவு என்று கட்டங்கள் கீழே இறங்கிக்கொண்டே போகும். பேச விருப்பமில்லாதவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே வருவார்.

பழகிய பணியாளர்கள் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைப்பார்கள். வீட்டில் நாய், பூனை, கிளி ஏதாவது உண்டா? பேர் என்ன? இப்போது அது எங்கே, யாரோடு இருக்கிறது? அங்கே அதற்குப் பயமில்லாமல் இருக்கிறதா? யாராவது அதை அடித்திருக்கிறார்களா? தீனிக்குக் கையில் காசு இருக்கிறதா? நாளைக்கே நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் அதற்கு யார் சோறு வைப்பார்கள்?